அப்பா அம்மாவுக்கு எந்த ஊர்? வேலூர், சென்னை, கோவை, ஓசூர் வெயிலை வச்சு ஒரு கணக்கு

அம்மாவுக்கு 69, அப்பாவுக்கு 75. வேலூர் சத்துவாச்சாரியில சொந்த வீடு, கீழ் போர்ஷன் வாடகைக்கு விட்டுட்டு மேல மாடியில இவங்க ரெண்டு பேரும் இருந்தாங்க. நான் சென்னை வேளச்சேரியில, அண்ணன் கோயமுத்தூர் வடவள்ளியில. போன வருஷம் கத்திரி ஆரம்பிச்ச நாலாவது நாள், காலைல பதினோரு மணி இருக்கும், மொட்டை மாடியில காயப் போட்ட கூழ்வத்தலைத் திருப்பி விடப் போன அம்மா இறங்கி வரவே இல்ல. பக்கத்து வீட்டு அக்கா துணி எடுக்க வந்து பாத்தா, தண்ணி டேங்க் மேல சாஞ்சு உக்காந்திருக்காங்க, கூப்பிட்டா பதில் இல்ல, உடம்பு அனலா கொதிக்குது. கீழ தூக்கிட்டு வந்து ஈரத்துணியால தொடச்சு, ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் ட்ரிப்ஸ் ஏத்தி, ரெண்டு நாள்ல சரியாயிட்டாங்க. ஆனா அன்னைக்கு சாயந்திரம் போன் வந்ததும் கிளம்பி, காட்பாடி வரைக்கும் ட்ரெயின்ல உக்காந்திருந்த அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு இன்னும் மனசை விட்டுப் போகல.

அதுக்கப்புறம் வீட்ல ஒரே பேச்சு, வேலூர் இனி வேணாம்னு. அண்ணன் கோவைக்கு வாங்கன்னான், நான் என்கூட சென்னைக்கு வாங்கன்னேன், சித்தப்பா ஓசூர்ல ஒரு ஃப்ளாட் பாத்து வச்சுட்டு பெங்களூரு க்ளைமேட், சென்னையை விட விலையும் கம்மின்னாரு, அப்பா மட்டும் நான் எங்கயும் வரமாட்டேன்னு சொல்லிட்டு பேப்பரை விரிச்சுட்டாரு. ஒரு வருஷமா நான் இதைத்தான் யோசிச்சுக்கிட்டு இருந்தேன், ஊர் ஊரா கணக்கு எடுத்தேன், இதே கேள்வியோட நிறைய பிள்ளைங்க இருப்பீங்கன்னு தெரியும், அதனால எனக்குப் புரிஞ்சதை எழுதுறேன்.

முதல்ல பண்ணது, நானூறு ஐநூறு ரூபாய்க்கு கிடைக்குற சின்ன டிஜிட்டல் மீட்டர் இருக்கு பாருங்க, ரூம் சூடும் ஈரப்பதமும் காட்டும், அதுல மூணு வாங்கினேன். வேலூர் வீட்ல ஒண்ணு, என் வீட்ல ஒண்ணு, அண்ணன் வீட்ல ஒண்ணு. அப்பா ரிட்டயர்டு வாத்தியார், எங்கயும் வரமாட்டேன்னாலும் மீட்டர் பாத்து எழுதுற வேலையை சந்தோஷமா எடுத்துக்கிட்டாரு, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு தடவை, ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை, பழைய டைரியில கோடு போட்டு எழுதி வச்சாரு. அந்த ராத்திரி பத்து மணி கணக்கு தான் எங்க முடிவையே மாத்துச்சு.

ஏன்னா நாம எல்லாரும் டிவியில வர்ற டிகிரியை வச்சுத்தான் ஊரை எடை போடுறோம். ஈரோடு, கரூர் பரமத்தி, திருத்தணி, வேலூர்னு லிஸ்ட் போடுவாங்க, 2024 மே மாசம் வேலூர் 43ஐத் தாண்டுச்சு, சென்னை 38, 39ல நிக்கும், உடனே சென்னை பரவால்லன்னு தோணும். அந்த நம்பர் ஒரு நாள்ல எப்பவோ ஒரு தடவை நிழல்ல எட்டுற உச்சம் மட்டும் தான். உடம்புக்கு இன்னும் ரெண்டு விஷயம் முக்கியம், காத்துல எவ்வளவு ஈரம் இருக்கு, ராத்திரி எவ்வளவு இறங்குது. நம்ம உடம்பு சூட்டை வெளிய தள்ளுறதே வியர்வை காஞ்சா தான், காத்துல ஏற்கனவே ஈரம் நெறஞ்சிருந்தா வியர்வை வழியும் ஆனா காயாது, சூடு உள்ளேயே தங்கிடும். தெர்மாமீட்டர் குண்டுல ஈரத்துணி சுத்தி காத்துல வச்சா எவ்வளவுக்கு இறங்குதோ, அதான் வியர்வையால அந்த இடத்துல கிடைக்கக் கூடிய குளிர்ச்சியோட எல்லை. வேலூர்ல 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்னா அந்த ஈரத்துணி 24 டிகிரி வரைக்கும் இறங்கும். சென்னையில 35 டிகிரி, ஈரப்பதம் 65னா 29லயே நின்னுடும். அதாவது அஞ்சு டிகிரி கம்மியா இருக்குற ஊர்ல தான் வியர்வை வேலை செய்யுறதுக்கு இடமே இல்ல. வானிலை மையம் கூட வெப்ப அலைன்னு சொல்றதுக்கு சமவெளியில 40 டிகிரியாவது வேணும்னு வச்சிருக்காங்க, கடலோரத்துக்கு 37, மலைக்கு 30ன்னு தனித்தனி அளவு, காரணம் இல்லாம அப்படி வைக்கல.

இப்போ வேலூர். மரமில்லா மலை, நீரில்லா ஆறுன்னு எங்க ஊரைப் பத்தி ஒரு பழைய சொலவடை உண்டு, கேலியா சொல்லுவாங்க, ஆனா வெயிலுக்கான காரணமே அதுல இருக்கு. சுத்தி பாறை மலை, பாலாறு வருஷத்துல பெரும்பாலும் வெறும் மணல், கடல் 120 கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம். பகல் பூரா பாறையும் மணலும் ரோடும் கான்கிரீட்டும் சூடு ஏறி, ராத்திரி பூரா அதை விட்டுக்கிட்டே இருக்கும். மே மாசம் மேற்கத்திக் காத்து பலமாகும் போது, அது மலைத்தொடரைத் தாண்டி ஈரத்தை எல்லாம் அந்தப் பக்கமே விட்டுட்டு இறங்கி வர்ற வறண்ட காத்து, சூடு இன்னும் ஏறும். கத்திரி மே 28 வாக்குல முடிஞ்சாலும் எங்க ஊர்ல வெயில் முடியாது, ஜூன்ல சாயந்திர இடி மழை ரெண்டு மூணு அடிச்சா தான் ஆள் மூச்சு விட முடியும்.

அப்பா டைரியில மே மாசப் பக்கத்தைப் பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குச்சு. மாடி ரூம், மத்தியானம் மூணு மணி 39, ராத்திரி பத்து மணி 36. வெளிய அதே பத்து மணிக்கு 32 தான், ரூமுக்குள்ள 36! அந்த நாலு டிகிரி ஊர் குடுத்தது இல்ல, தலைக்கு மேல இருக்குற கான்கிரீட் தளம் குடுத்தது. கீழ் போர்ஷன்ல அதே நேரம் 33. இத்தனை வருஷமா ஊரைத் திட்டிக்கிட்டு இருந்தோம், பாதி குத்தம் மொட்டை மாடியில இருந்திருக்கு. தாத்தா காலத்துல மெட்ராஸ் டெரஸ்னு போடுவாங்க, தேக்கு உத்தரத்து மேல செங்கலை நிறுத்தி வச்சு சுண்ணாம்புக் கலவை தட்டி, மேல தட்டோடு பதிச்சு. அந்த வீடுங்க மே மாசமும் உள்ள போனா சில்லுன்னு இருக்கும். 1990கள்ல நாங்க கட்டுனது வெறும் கான்கிரீட், மேல சிமெண்ட் பூச்சு, அவ்வளவு தான்.

வேலூருக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கு, அது வறட்சி தான். வறண்ட ஊர்ல தான் ஏர் கூலர் உண்மையிலேயே வேலை செய்யும். ஒரு லிட்டர் தண்ணி ஆவியாகும்போது கிட்டத்தட்ட 0.67 யூனிட் கரண்டுக்கு சமமான சூட்டை காத்துல இருந்து இழுத்துக்கும், பெரிய கூலர் மணிக்கு அஞ்சு லிட்டர் குடிச்சா கிட்டத்தட்ட ஒரு டன் ஏசி இழுக்குற அளவு சூடு. ஆனா கூலருக்கு ஆகுற கரண்ட் ஏசியில கால்வாசி தான் வரும். 40 டிகிரி காத்தை நல்ல பேடு, அதாவது தண்ணியில நனையுற அந்த மெத்தை, இருக்குற கூலர் 27, 28க்கு இறக்கிடும். இதே கூலரை நான் 2022ல அப்பா வேணாம்னு சொல்லியும் சென்னைக்கு எடுத்துட்டு வந்து ஹால்ல போட்டேன், அதிகபட்சம் நாலு டிகிரி இறங்குச்சு, ரூம் பூரா ஒரே பிசுபிசுப்பு, அரிசி டப்பா மூடி எல்லாம் நமுத்துப் போச்சு, ஒரு வாரத்துல திருப்பி அனுப்பிட்டேன். கூலர் வாங்கும்போது யாரும் எந்த ஊருக்குன்னு கேக்குறதில்ல, கேக்கணும். வேலூர், திருச்சி, மதுரை, சேலம் மாதிரி உள்நாட்டு ஊருக்கு கூலர், சென்னை, கடலூர், நாகை, தூத்துக்குடின்னு கடலோரத்துக்கு ஏசி, இந்த ஒரு விஷயத்தை மட்டும் இதுல இருந்து எடுத்துக்கிட்டாலும் போதும்.

இன்னொண்ணு, கூலர் போட்டா ஜன்னலைத் திறந்து வைக்கணும். எங்க அப்பாவே பத்து வருஷமா குளிர் காத்து போயிடும்னு கதவு ஜன்னல் எல்லாம் சாத்திட்டு தான் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. அப்படிப் பண்ணா அதே ஈரக் காத்து திரும்பத் திரும்ப சுத்தி, அரை மணி நேரத்துல வேலூர் ரூம் சென்னை ரூம் ஆயிடும். கூலரை ஜன்னல் பக்கம் வெளிக்காத்து இழுக்குற மாதிரி வச்சு, எதிர்ப்பக்க ஜன்னலைத் திறந்து விட்டதும் அம்மா சொன்ன முதல் வார்த்தை, இத்தனை நாளா இதையா விட்டோம்னு.

சென்னைக்கு வரேன். நான் இருக்குற ஊர், பிடிச்ச ஊர், அதனால குறை சொல்ல மனசு வரல, ஆனா வயசானவங்களை வைக்குறதுக்கு யோசிக்கணும். சென்னை வெயிலோட கதை முழுக்க கடல் காத்து கையில இருக்கு. அது பகல் பதினோரு மணி, பன்னெண்டுக்குள்ள உள்ள வந்துட்டா அன்னைக்கு 36, 37ல முடிஞ்சிடும். மேற்கத்திக் காத்து பலமா இருந்து கடல் காத்தை உள்ள விடாத நாள்ல 40ஐத் தாண்டும், 2003 மே கடைசியில நுங்கம்பாக்கத்துல 45 வரைக்கும் போயிருக்கு. அதுலயும் பெசன்ட் நகர், திருவான்மியூர்ல முதல்ல வர்ற காத்து அம்பத்தூர், ஆவடிக்கு போய்ச் சேர நேரம் ஆகும், அதனால சென்னைன்னு ஒரே ஊரா நினைச்சு வீடு பாக்கக் கூடாது, கடலுக்கு ரெண்டு கிலோமீட்டர்ல இருக்குற வீடும் இருபது கிலோமீட்டர்ல இருக்குற வீடும் மே மாச மத்தியானத்துல வேற வேற ஊர் தான். கடல் ஓரத்து வாடகை என்னன்னு உங்களுக்கே தெரியும்.

பிரச்சனை பகல்ல இல்ல, ராத்திரி. மே, ஜூன்ல சென்னையோட குறைந்தபட்ச வெப்பமே சுமாரா 28, அதுவும் விடியக்காலம் நாலஞ்சு மணிக்கு. என் வீட்டு மீட்டர்ல ராத்திரி பத்து மணிக்கு 32, ஈரப்பதம் 75. ஏசி இல்லாம தூங்கவே முடியாது, ஏசி போட்டா அம்மாவுக்கு முட்டி வலி, 27ல வச்சு டிரை மோடுல போட்டு ஃபேனை மெதுவா சுத்த விட்டா ஓரளவு ஒத்துக்குது, ஏன்னா ஈரத்தை எடுத்தாலே பாதி புழுக்கம் போயிடும். கரண்ட் போச்சுன்னா மட்டும் பத்து நிமிஷத்துல மூச்சு முட்டும். போன ஜூன்ல பத்து நாள் வந்து தங்கிப் பாத்தாங்க, அப்பா நாலாவது நாளே ராத்திரி ரெண்டு மணிக்கு பால்கனியில சேர் போட்டு உக்காந்திருந்தாரு. காலைல கேட்டா நல்லாத்தான்மா இருக்கு, தூக்கம் தான் வரலைன்னாரு. பொண்ணு வீட்ல நிரந்தரமா தங்குறதான்னு ஒரு கூச்சமும் அவருக்கு உள்ள இருக்கு, என் வீட்டுக்காரர் எத்தனை தடவை சொன்னாலும் அது போகல, அதையும் கணக்குல சேத்துத்தான் ஆகணும்.

அப்புறம் தண்ணி. சென்னையில ஒண்ணு இல்லாம போகும், இல்லன்னா வீட்டுக்குள்ள வரும். 2019 ஜூன்ல ஏரி எல்லாம் வறண்டு போய் ஜூலைல ஜோலார்பேட்டையில இருந்து ட்ரெயின்ல தண்ணி கொண்டு வந்தாங்க, ஜோலார்பேட்டை அப்போ எங்க வேலூர் மாவட்டத்துல தான் இருந்துச்சு, பாலாறு காஞ்சு கிடக்குற மாவட்டத்துல இருந்து சென்னைக்கு தண்ணி போகுதேன்னு அம்மா மனசு ரொம்ப கஷ்டப்பட்டாங்க. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ எங்க தெருவுல இடுப்பளவு தண்ணி, மூணு நாள் கரண்ட் இல்ல, லிஃப்ட் இல்ல, மூணாவது மாடியில எங்க வீடு. அந்த மூணு நாள்ல 75 வயசு ஆளுக்கு நெஞ்சு வலின்னு வந்திருந்தா படகு தான் கூப்பிடணும். வெயிலுக்குப் பயந்து ஓடி வந்து மழையில மாட்டிக்கிற மாதிரி ஆயிடும்.

கோயமுத்தூர். இதைப் பத்தி நான் தான் தப்பா நினைச்சுக்கிட்டு இருந்தேன், ஊட்டி பக்கத்துல இருக்கு அதனால குளு குளுன்னு. காரணம் ஊட்டி இல்ல, பாலக்காட்டுக் கணவாய். மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நீளமா போகும்போது நடுவுல முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு வாசல் திறந்திருக்கு, தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா நேரா உள்ள வரும். உடுமலை, பல்லடம் பக்கம் கரண்ட் எடுக்குற அத்தனை காத்தாலை நிக்கிறதே அந்தக் காத்தை நம்பித்தான். ஊரும் கடல்மட்டத்துல இருந்து சுமார் 400 மீட்டர் மேல இருக்கு. அதனால மே கடைசியிலயே காத்து திரும்பிடும், வானம் மூடிக்கும், ஜூன்ல சில நாள் அண்ணன் வீட்ல ஃபேனே போடுறதில்ல.

இங்க தான் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டுச்சு. கோவைக்கும் வேலூருக்கும் வெயில் ஒரே நேரத்துல உச்சத்துக்குப் போறதில்ல. கோவையில மார்ச், ஏப்ரல் தான் மோசம், சராசரியா 36 வரைக்கும் போகும், அண்ணி அந்த ரெண்டு மாசத்தை ரொம்ப திட்டுவாங்க. ஏப்ரல் கடைசியில, மே மாசத்துல கோடை மழை ரெண்டு மூணு விழுந்ததும் இறங்க ஆரம்பிச்சிடும். வேலூர்ல அப்போ தான் ஏறவே ஆரம்பிக்கும், மே பூரா, ஜூன் பாதி வரைக்கும். அப்படின்னா நிரந்தரமா வீடு மாத்தணும்னு ஏன் யோசிக்குறோம், ஒன்றரை மாசம் இடம் மாறினா போதுமே! மே மாசம் அண்ணன் வீட்டு மீட்டர், மத்தியானம் 33, ராத்திரி பத்து மணிக்கு 28, விடியக்காலம் 24. அந்த 24 தான் முக்கியம். பகல் முழுக்க சூட்டோட போராடுன உடம்புக்கு ராத்திரி ஒரு ஆறு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கணும், இதயம் அப்போ தான் நிதானத்துக்கு வரும், சின்ன வயசுக்காரங்களுக்கு தூக்கம் கெட்டா மறுநாள் எரிச்சல், அவ்வளவோட போயிடும், வயசானவங்களுக்கு மூணு நாள் தொடர்ந்து ராத்திரி சூடு இறங்கலன்னா அதுவே ஆபத்து.

கோவையிலயே நிரந்தரமா இருந்துடலாமேன்னு அண்ணன் கேக்குறான், நியாயம் தான். ஆனா அப்பாவோட டாக்டர் வேலூர்ல, பதினஞ்சு வருஷ ஃபைல் எல்லாம் அங்க இருக்கு, சாயந்திரம் கோட்டை மைதானத்துல நடக்கப் போற நாலு பேர் அங்க, அம்மாவுக்கு தெரு முழுக்க சொந்தக்காரங்க மாதிரி. அன்னைக்கு மாடியில இருந்து அம்மாவைத் தூக்கிட்டு வந்தது பக்கத்து வீட்டு அக்கா தான், நானோ அண்ணனோ இல்ல. புது ஊர்ல, எல்லாரும் வேலைக்குப் போயிட்ட ஒரு ஃப்ளாட்ல, அந்த நேரத்துக்கு யார் எட்டிப் பாப்பாங்க?

ஓசூர் இதே கேள்வியில தான் அடிபட்டுச்சு. க்ளைமேட்டை மட்டும் பாத்தா நாலு ஊர்லயும் அதான் முதல். சுமார் 900 மீட்டர் உயரம், ஒரு கிலோமீட்டர் மேல ஏறினா ஆறு ஆறரை டிகிரி குறையும்னு கணக்கு, வேலூர் 200 மீட்டர் சொச்சம், அப்போ உயரத்தால மட்டுமே நாலு டிகிரிக்கு மேல லாபம், காத்தும் வறண்டது, ராத்திரி 21, 22க்கு வந்துடும். கிருஷ்ணகிரியில இருந்து மேல ஏறும்போதே பஸ் ஜன்னல்ல அந்த வித்தியாசம் தெரியும். ஆனா அங்க எங்களுக்குன்னு ஒருத்தர் கூட இல்ல. டிசம்பர், ஜனவரி குளிரு அப்பாவோட இழுப்புக்கு ஆகாது. பெங்களூரு க்ளைமேட்னு சொல்லி விக்குறாங்க, அந்த பெங்களூருவே 2016 ஏப்ரல்ல 39ஐத் தாண்டுச்சு, 2024 கோடையில போர்வெல் எல்லாம் வத்திப் போய் அப்பார்ட்மெண்ட்ல தண்ணிக்கு அளவு வச்சாங்க. ஓசூர்ல சித்தப்பா பாத்த ஃப்ளாட்டும் போர்வெல்லை நம்பித்தான். வேலை பாக்குற வயசுல இருக்குறவங்க, பெங்களூருல ஆபீஸ் உள்ளவங்க தாராளமா ஓசூர் பாக்கலாம், எங்க அப்பா அம்மாவுக்கு அது சரிப்படாது.

மத்த இடங்களையும் யோசிச்சோம். ஏற்காடு, கொடைக்கானல் சுத்திப் பாக்க நல்லா இருக்கும், படியும் மேடும் பனியும், அவசரம்னா கொண்டை ஊசி வளைவு எல்லாம் இறங்கி வரணும், வேணவே வேணாம். 2024 ஏப்ரல்ல ஊட்டியிலயே 29 டிகிரி வந்துச்சு, ஃபேன் மாட்டுறதுக்கு கொக்கியே இல்லாத வீடுங்க அங்க நிறைய. தென்காசி, நாகர்கோவில் பக்கம் சொந்தம் இருக்குறவங்க குடுத்து வச்சவங்க, நாகர்கோவிலுக்கு ரெண்டு பருவமழையும் கிடைக்கும், தென்காசிக்கு செங்கோட்டைக் கணவாய் வழியா ஜூன்லயே சாரல் வந்துடும். எங்களுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்ல.

அதனால கடைசியில நின்னது, வேலூரை விட வேணாம், வீட்டை மாத்துவோம், மே மாசம் கோவைக்கு அனுப்புவோம். வீட்ல என்ன பண்ணோம்னு சொல்றேன், செலவோட.

முதல் வேலை, கீழ் போர்ஷனைக் காலி பண்ண வச்சு அப்பா அம்மாவை கீழ கொண்டு வந்தோம், மாடியை வாடகைக்கு விட்டோம். வாடகை ஆயிரத்து ஐநூறு குறைஞ்சுது, மூணு டிகிரி குறைஞ்சுது. மாடிக்கு வர்றவங்க மட்டும் வெந்து சாகணுமான்னு அம்மா கேட்டாங்க, சரியான கேள்வி, அதனால மொட்டை மாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் ரெண்டு கோட்டிங் அடிச்சோம், ஆயிரம் சதுர அடிக்கு கூலியோட சேத்து முப்பதாயிரத்துக்குள்ள ஆச்சு. அவ்வளவு முடியாதவங்க சுண்ணாம்புல கொஞ்சம் ஃபெவிகால் கலந்து அடிக்கலாம், ஒரு மழைக்காலம் தாண்டினா திரும்ப அடிக்கணும், ஆனா அதுவும் வெயிலைத் திருப்பி அனுப்பும். அடிச்ச அப்புறம் மாடி ரூம் மத்தியானம் 39ல இருந்து 36க்கு வந்துச்சு, ராத்திரி 36ல இருந்து 33க்கு. மேற்கு சுவர்ல சாயந்திர வெயில் நேரா அடிக்கும், அங்க ஜன்னலுக்கு வெளிய மூங்கில் தட்டி கட்டினோம், வெளிய கட்டணும், உள்ள திரை போட்டா சூடு கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த அப்புறம் தான் தடுக்கும். ஒரு வேப்பங்கன்னும் வச்சிருக்கோம், அது நிழல் குடுக்க ஆறு ஏழு வருஷம் ஆகும், அது வரைக்கும் பச்சை வலை.

படுக்குற ரூமுக்கு மட்டும் ஒரு டன் ஏசி ஒண்ணு, ஹாலுக்கு கூலர். ஏசியை ராத்திரி எட்டு மணி நேரம் 27ல ஓட்டினா ரெண்டு மாசத்துக்கு 300 சொச்சம் யூனிட் வருது, நாங்க கணக்குப் பாத்தப்போ முதல் 100 யூனிட் இலவசம், ஆனா மொத்தம் 500ஐத் தாண்டுச்சுன்னா ஸ்லாப் மாறி பில்லு எகிறிடும், அதனால பகல்ல ஏசி போடாம கூலர்ல ஓட்டுறது. உப்புத் தண்ணி ஊத்தினா கூலர் பேடு ஒரே சீசன்ல வெள்ளையா பூத்து அடைச்சுக்கும், வாரத்துக்கு ஒரு தடவை டேங்கை முழுசா காலி பண்ணிட்டு புதுசா ஊத்தணும், கொசுவும் வராது.

அம்மாவுக்கு அன்னைக்கு ஏன் அப்படி ஆச்சுன்னு டாக்டர் சொன்னதும் எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம். வயசானா தாகமே சரியா எடுக்காது, வியர்வையும் கம்மியா தான் வரும், அதனால எனக்கு தாகம் இல்ல, வேண்டாம்னு சொன்னா அதை நம்பக் கூடாது. பிரஷருக்கு அம்மா சாப்பிடுறதுல நீர் பிரியுற மாத்திரை ஒண்ணு இருந்துச்சு, கோடையில அதோட அளவை டாக்டர் தான் பாத்து மாத்திக் குடுத்தாரு, நாமளா நிறுத்தக் கூடாது, ஆனா ஏப்ரல்லயே போய்க் கேக்கணும். ரூம் 40ஐ நெருங்கிட்டா வெறும் ஃபேன் காத்து சூட்டைத்தான் உடம்பு மேல கொண்டு வந்து கொட்டும், அப்போ ஈரத்துணி, குளியல், இல்லன்னா குளுமையான ரூம். இப்போ வீட்ல காலைல பத்து மணிக்குள்ள ஒரு சொம்பு மோர், பதினோரு மணிக்கு கம்மங்கூழோ நீராகாரமோ, நாலு மணிக்கு நுங்கு, வெள்ளரி எது கிடைக்குதோ அதுன்னு அப்பா டைம் போட்டு சுவத்துல ஒட்டிட்டாரு. வத்தல் எல்லாம் பிப்ரவரியிலயே போட்டு முடிச்சாச்சு, காலைல எட்டு மணிக்குள்ள மாடிக்குப் போய் விரிச்சுட்டு இறங்கிடணும்னு கண்டிஷன்.

ஏப்ரல் 29க்கு காட்பாடியில இருந்து கோயமுத்தூருக்கு பகல் ட்ரெயின்ல ஏசி சேர் கார் ரெண்டு டிக்கெட் போட்டாச்சு, திரும்ப ஜூன் 16. போறதுக்கு முன்னாடி மூணு மாச மாத்திரையும் ஃபைல் காப்பியும் எடுத்து வச்சாச்சு, வடவள்ளியில பக்கத்துலயே ஒரு டாக்டரை அண்ணி போய்ப் பாத்து பேசி வச்சிருக்காங்க. மகன் வீடுங்கறதால அப்பா அவ்வளவா முறுக்கிக்கல. டைரி அண்ணன் வீட்டுக்குப் போகுது, வேலூர்ல மீட்டர் யார் பாப்பாங்கன்னு தான் அவருக்குக் கவலையா இருந்துச்சு, மாடியில புதுசா குடி வந்த தம்பி நான் ராத்திரி பத்து மணிக்குப் பாத்து வாட்ஸ்அப்ல அனுப்புறேன் சார்னு சொல்லிட்டான்.